கெம்பி குடியிருக்கும் கடைவீதி

விடியற்காலை ஐந்து மணி. ஹம்பி கடைவீதியின் கிழக்குக் கோடியில், அந்தப் பெரிய ஒற்றைக்கல் நந்திக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மதங்க மலைக்கு ஏறும் வழியைக் கைபேசி வெளிச்சத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னால் கல்லில் நகம் படும் சத்தம் கேட்டது. நான் நின்றால் அதுவும் நின்றது. நான் நடந்தால் அதுவும் நடந்தது.

எனக்கு ஒன்பது வயதில் வலது கெண்டைக்காலில் நாய் கடித்திருக்கிறது. செங்கம் பக்கம் எங்கள் ஊர். அந்தக் காலத்தில் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி போடுவார்கள். 14 நாள், நாளுக்கு ஒன்று. அப்பா சைக்கிளில் முன்கம்பியில் உட்காரவைத்து அழைத்துப்போவார். நான்காவது நாளிலிருந்து சைக்கிளைப் பார்த்தாலே அழுவேன். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்து 2005 வாக்கில் நம் நாட்டில் நின்றே போய்விட்டது. இப்போதெல்லாம் கையில் போடும் நாலைந்து ஊசிதான், அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள். ஆனாலும் இருட்டில் பின்னால் நகச் சத்தம் கேட்டதும் என் வயிறு இறுகியது. முப்பத்தைந்து வருடம் கழித்தும் அந்த 14 ஊசியையும் வயிறு மறக்கவில்லை.

திரும்பி வெளிச்சத்தை அடித்தேன். செம்மண் நிறத்தில் ஒல்லியான ஒரு பெட்டை நாய். வெளிச்சம் கண்ணில் பட்டதும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டது. குரைக்கவில்லை, வாலையும் ஆட்டவில்லை. அப்புறம் என்னைத் தாண்டிப் போய், நான் தேடிக்கொண்டிருந்த முதல் படியில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தது.

சரி என்று அதன் பின்னால் போனேன்.

மதங்க மலையில் ஏறியவர்களுக்குத் தெரியும், மேலே போகப் போகப் படிகள் ஒழுங்காக இருக்காது. பாறையிலேயே செதுக்கிய படி சில இடத்தில், வெறும் பாறைச் சரிவு சில இடத்தில். இரண்டு பாறைகளுக்கு நடுவே உடம்பைத் திருகிக்கொண்டு போக வேண்டிய இடமும் உண்டு. அந்த நாய் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, என் மூச்சு வாங்கும் சத்தம் நெருங்கியதும் அடுத்த திருப்பத்துக்குப் போனது. உச்சியில் வீரபத்திரர் கோயில். அதன் மாடிக்கு ஏறி உட்கார்ந்தேன். நாய் என்னிடமிருந்து இரண்டு கை தூரம் தள்ளி, முன்னங்கால்களை நீட்டிப் படுத்தது. கீழே இருள் கலையக் கலைய அச்சுதராயர் கோயில் முழுசாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் ஆற்றை நோக்கி நீளும் நேரான தெரு, அப்பால் துங்கபத்திரை, எல்லாத் திசையிலும் யாரோ கொட்டி வைத்தது போல உருண்டைப் பாறைகள்.

2025 மே மாதக் கடைசி வாரம் அது. வெயில் கொளுத்தும், கூட்டம் இருக்காது என்று தெரிந்தேதான் போயிருந்தேன். ஆளில்லாத ஊரைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. 1336இல் தொடங்கி, 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் சூறையாடப்பட்டு, விஜயநகரப் பேரரசின் தலைநகரமே கைவிடப்பட்டுக் கிடக்கும் இடம். ஆள் அரவம் இல்லாமல் அதைப் பார்க்க வேண்டும் என்று பல வருடமாக நினைத்திருந்தேன். உச்சியில் உட்கார்ந்து அந்த வெறுமையைப் பார்க்கத் தொடங்கும்போதே, பக்கத்தில் ஒரு ஜீவன் தன் வாசல் திண்ணையில் படுத்திருப்பது போலப் படுத்திருந்தது. அது எதையும் பார்க்க வந்ததாகத் தெரியவில்லை. கொட்டாவி விட்டது. காதைச் சொறிந்துகொண்டது. அந்தக் காதில், இடது நுனியில், கத்தரியால் வெட்டியெடுத்தது போல ஒரு துண்டு இல்லாமல் இருந்தது.

இறங்கி வந்து, விருபாட்சர் கோயில் பக்கம் தள்ளுவண்டியில் டீ விற்கும் பெண்ணிடம் டீ வாங்கினேன். நாய் வண்டிச் சக்கரத்தடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

"கெம்பி கூட்டிட்டுப் போச்சா?" என்றார் அவர், தமிழிலேயே. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன காலத்தில் தமிழ்க் குடும்பங்களோடு இருந்து கற்றுக்கொண்டாராம்.

"இது உங்க நாயாக்கா?"

"என் நாய் எப்படிண்ணா ஆகும்? இங்கத்து நாய். மலைக்கு யார் போனாலும் கூடப் போகும், வரும். ஒண்ணும் பண்ணாது."

கன்னடத்தில் கெம்பு என்றால் சிவப்பு. நம் செம்மையில் இருக்கும் 'செ' அங்கே 'கெ' ஆகிவிடும். செவி அங்கே கிவி. நம் ஊராக இருந்தால் இவளுக்குச் செம்பி என்று பேர் வைத்திருப்பார்கள். அவர் குனிந்து கெம்பியின் காதைப் பிடித்து, "கிவி நோடி" என்று காட்டினார். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்த நாய்க்கு இப்படிக் காது நுனியை வெட்டிவிடுவார்கள், அப்போதே வெறிநாய்க்கடி தடுப்பூசியும் போட்டிருப்பார்கள் என்று சொன்னார். மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டுவதால் வலி தெரியாது. அடுத்த முறை பிடிக்க வருபவர்களுக்குத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்வது. தெருநாய்களைப் பிடித்து, ஆபரேஷன் செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2001இலிருந்து நம் நாட்டில் விதி. 2023இல் அதையே புதுப்பித்தார்கள். பிடித்த இடத்திலேயே விடுவதற்குக் காரணம் இருக்கிறது. நாய் ஒரு இடத்தைத் தன்னுடையதாக வைத்திருக்கும். ஊசி போட்ட நாயை அங்கிருந்து அப்புறப்படுத்தினால், அந்த இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய் வந்து சேரும். இதைப் படித்துத்தான் வைத்திருந்தேன், ஆனால் ஒரு நாயின் காதை விரலால் தொட்டுப் பார்த்தது அன்றுதான். கடிபட்ட நாளிலிருந்து நான் எந்த நாயையும் தொட்டதில்லை. வெட்டின ஓரம் ஆறி, மழமழவென்று இருந்தது.

டீக்கடை அக்காவின் புகுந்த வீடு நான் நின்ற அந்தக் கடைவீதியில்தான் இருந்தது. கோயிலிலிருந்து நந்தி வரை முக்கால் கிலோமீட்டருக்கு இருபுறமும் ஓடும் கல் மண்டபங்களில் ஒன்றில்தான் அவர் கல்யாணமாகி வந்து குடியேறினார். மாமியார் முன்பக்கம் பூஜைச் சாமான் விற்க, பின்பக்கம் சமையல். 2011இல் அந்தத் தெருவைக் காலி செய்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். நாலு கிலோமீட்டர் தள்ளி கட்டிராம்புராவில் இடம் கொடுத்தார்கள்.

"சாமானெல்லாம் டிராக்டர்ல ஏத்தினோம். நாயையும் ஏத்தினோம், இவளோட அஜ்ஜி, பாட்டி. அங்க கட்டிப் போட்டோம். மூணாம் நாள் கயித்தைக் கடிச்சிட்டு இங்க வந்திடுச்சு. எங்களுக்கு வேற இடம் குடுத்திருக்காங்கன்னு அதுக்கு எப்படிண்ணா தெரியும்?"

அதற்கப்புறம் அவரும் தினமும் வருகிறார். வரும்போது ஒரு தூக்குவாளியில் பழைய சோறு வருகிறது.

இந்த இடத்தில் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மண்டபத் தூண்களில் சிமெண்ட் பூசி, இரும்புக் கதவு மாட்டி, ஆணி அடித்து வைத்திருந்த பழைய படங்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்தத் தூண்களைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 1520 வாக்கில் இங்கே வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பாயெஸ் எழுதி வைத்தது ஆள் நிறைந்த தெருவை. அழகான வீடுகள், தாழ்வாரங்கள், அங்கே தங்கும் யாத்திரிகர்கள் என்று அந்தத் தெருவைச் சொல்கிறார். அடுப்புப் புகை இல்லாத கடைவீதி எனக்குப் பாதிக் கடைவீதியாகத்தான் படுகிறது. அந்தத் தெருவில் இன்று இரவும் பகலும் குடியிருப்பது கெம்பியின் வம்சம்தான். எந்த மண்டபம் மாலை வெயில் படாதது, எந்தத் தூணடியில் காற்று வரும், எந்தக் கல் ராத்திரி ஒன்பது மணிவரை சூடு விடாது என்பது அவர்களுக்குத் தெரியும். நான் மூன்று நாளில் கற்றுக்கொண்டதெல்லாம் அவர்கள் படுத்திருந்த இடத்தைப் பார்த்துத்தான். பன்னிரண்டு மணி வெயிலில் நாய் எங்கே படுத்திருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்தேன். ஒரு முறைகூட ஏமாறவில்லை.

ஹம்பியில் குரங்குக்கு நல்ல மரியாதை. இதுதான் கிஷ்கிந்தை, ஆற்றுக்கு அக்கரையில் அஞ்சனாத்ரி, அனுமன் பிறந்த இடம். குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்க ஊர் ஊராக ஆள் வருகிறது. விருபாட்சர் கோயில் யானை லட்சுமி காலையில் ஆற்றில் குளிப்பதைப் பார்க்கத் தனிக் கூட்டம். நாய்க்கு அப்படி ஒரு தலபுராணம் கிடையாது. அதனால் அதை யாரும் பார்ப்பதில்லை, காலில் இடறினால்தான் பார்ப்பார்கள்.

இரண்டாம் நாள் மதியம் நான் அப்படித்தான் பார்த்தேன். 1534இல் கட்டிய அச்சுதராயர் கோயிலுக்கு முன்னால் நீளும் அந்தப் பழைய கடைத்தெரு. தாசிகள் வாழ்ந்த தெரு என்று பெயர். மே மாத மதியத்தில் என்னைத் தவிர ஒரு ஆள் இல்லை. பக்கத்தில் இருக்கும் குளத்தைப் பார்த்துவிட்டு மண்டப வரிசையை ஒட்டி நடந்தேன். திடீரென்று ஐந்து நாய்கள். எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை. மூன்று முன்னால், இரண்டு பக்கவாட்டில். கெம்பியைப் போல அமைதியான நாய்கள் இல்லை. பல் தெரிந்தது, பிடரி மயிர் நட்டுக்கொண்டிருந்தது.

ஓடத்தான் கால் துடித்தது. ஒன்பது வயதில் நான் ஓடினேன், அதனால்தான் கடிபட்டேன் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நின்றேன். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டேன். அவற்றின் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். முதுகைக் காட்டாமல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்தேன். பத்தடி போயிருப்பேன், முன்னால் நின்ற கறுப்பு நாய் குரைப்பதை நிறுத்தியது. இன்னும் பத்தடி. எல்லாம் நின்றுவிட்டது. அப்போதுதான் கறுப்பு நாயின் மடி கண்ணில் பட்டது. பால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

அது திரும்பிப் போன மண்டபத்தை எட்ட நின்றே பார்த்தேன். கூரைக்கல் ஒரு பக்கம் சரிந்து, மூலையில் ஒரு பொந்து மாதிரி இருந்தது. அதற்குள் நாலு குட்டி. கண் திறந்து சில நாள்தான் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி மடியைத் தேடின. ஒன்று மட்டும் தவறிக் கீழே இறங்கி, செதுக்கிய தூணின் அடிப்பீடத்தில் இருந்த யாளி முகத்தில் மூக்கை வைத்து முட்டியது. பால் இல்லை என்று தெரிந்ததும் கீச்சென்று கத்தியது. தாய் வாயால் கவ்வித் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டது. நான் யார் வீட்டு வாசலில் போய் நின்றேன் என்பது அப்போதுதான் விளங்கியது. அந்தத் தாய்க்குக் காது முழுசாக இருந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் இந்த மண்டபங்கள் வரைக்கும் பிடிப்பவர்கள் வரவில்லை போல.

அன்று சாயங்காலம் டீக்கடை அக்காவிடம் சொன்னேன். நாலு குட்டி என்றதும், "மழைக்கு முன்னாடியே போட்டுட்டாளா" என்று கவலைப்பட்டார். அவருக்குத் தெரிந்த ஒரு ஆட்டோக்காரர் மூலமாக, ஹோஸ்பேட்டிலிருந்து ஆபரேஷனுக்கு நாய் பிடிக்க வருபவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். குட்டிகள் பால் மறந்த பிறகு தாயைப் பிடித்தால் போதும் என்று அவர்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நாயைப் பற்றி இவ்வளவு எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் சில வருடம் முன்பு அதைப் பார்த்தேன். மண்டியா பக்கம் ஆதகூரில் கிடைத்த நடுகல். மேலே ஒரு நாயும் காட்டுப்பன்றியும் மல்லுக்கு நிற்கும் சிற்பம். சுற்றிலும் பழைய கன்னட எழுத்து. தக்கோலப் போரில் சோழ இளவரசர் ராஜாதித்தர் மாண்ட கதையைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். 949இல் நடந்த போர், நம் அரக்கோணத்துக்குப் பக்கத்தில். யானைமேல் துஞ்சிய தேவர் என்று நம் கல்வெட்டுகள் துக்கத்தோடு குறிக்கும் அதே ராஜாதித்தர். அவரைக் கங்க மன்னன் பூதுகன் கொன்ற செய்தியைச் சொல்வது இந்தக் கல்தான்.

ஆனால் இந்தக் கல்லை நட்டது அந்தப் போருக்காக இல்லை. பூதுகனின் வீரன் மணலேரா அந்தப் போரில் காட்டிய வீரத்துக்கு, என்ன வேண்டும் கேள் என்றான் மன்னன். மணலேரா நிலம் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகொரு நாள் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் ஒருசேரச் செத்தன. அந்த நாய்க்காகத்தான் ஆதகூர்ச் சிவன் கோயிலுக்கு முன்னால் இந்தக் கல். அதற்கு நிலமும் விட்டு, பூசாரி கல்லுக்குப் பூஜை செய்யாமல் சாப்பிடக் கூடாது என்று கட்டளையும் எழுதி வைத்திருக்கிறான். ஒரு சோழ இளவரசரின் சாவு, ஒரு நாயின் நினைவுக்கல்லில் வந்து பதிந்திருக்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே எடுத்தனூரில் இதைவிட முன்னூறு வருடம் பழைய கல் ஒன்று உண்டு. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சி ஆண்டு. எருமை மந்தையைக் காத்துச் செத்த கருந்தேவகத்தி என்ற வீரனின் நடுகல். அவன் உருவத்துக்குப் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. அதற்குப் பேர் கோவிவன் என்றும், கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியாக எழுதியிருக்கிறார்கள். வட்டெழுத்தில், கல்லில் உளியால், ஒரு நாயின் பேர். செங்கத்தில் வளர்ந்த நான் சின்ன வயதில் நாயைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தபோது, கூப்பிடு தூரத்தில் அந்தக் கல் நின்றுகொண்டிருந்தது. யாரும் எனக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் என் பயம் குறைந்திருக்குமோ என்னவோ, நாய்க்கும் பேர் உண்டு என்பதாவது அப்போதே தெரிந்திருக்கும்.

நான் திரும்பி வந்த மூன்றாம் மாதம், 2025 ஆகஸ்டில், டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும், பத்துப் பதினோரு நாளில் அதைத் திருத்தி, ஆபரேஷனும் ஊசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக் கூடாது என்று சொன்னதும் நினைவிருக்கும். அந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் சண்டைதான். கடிபட்ட குழந்தைகளின் படத்தைப் பார்த்தால் எனக்கும் வயிறு இறுகத்தான் செய்கிறது. வெறிநோய் வந்துவிட்டால் பிழைக்க வழியில்லை. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதும், அன்றைக்கே ஊசிக்குப் போவதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சண்டையில் எல்லோரும் 'நாய்கள்' என்றே பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் ஒரு வெட்டுப்பட்ட காதும், ஒரு முழுக் காதும் கண்ணில் நின்றன. கெம்பிக்கு நடந்தது கறுப்பு நாய்க்கும் நடந்திருந்தால் அன்று அந்தத் தெருவில் எனக்கு இடைஞ்சலே வந்திருக்காது. வேலை அவ்வளவுதான், அதைக் கடைசி மண்டபம் வரைக்கும் போய்ச் செய்ய வேண்டும்.

பார்க்கப் போகிற நாமும் செய்ய ஏதோ இருக்கிறது. மண்டப இருட்டு மூலைக்குள் படம் எடுக்கத் திடுதிப்பென்று நுழையாமல் இருக்கலாம். குட்டியைத் தூக்காமல் இருக்கலாம். பிஸ்கட்டை விடத் தண்ணீர்தான் அங்கே அருமை. குளங்கள் பலவும் வறண்டு கிடந்தன. படி ஆழமான குளத்தில் தண்ணீர் இருந்தாலும் நாயால் இறங்கி ஏற முடிவதில்லை. அரண்மனைப் பகுதியில் ஒரு காவலாளி தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் தண்ணீர் ஊற்றி நிழலில் வைப்பதைப் பார்த்தேன். நான் பார்ப்பதைப் பார்த்ததும், ஏதோ விதியை மீறிவிட்டவர் போலத் தயங்கினார். என் பாட்டிலில் மிச்சமிருந்ததை நானும் ஊற்றினேன். அதற்கப்புறம் அவரே வந்து அரண்மனை மேடையில் செதுக்கியிருக்கும் குதிரை வரிசைகளையெல்லாம் சுற்றிக் காட்டினார்.

கடைசி நாளுக்கு முந்தின இரவு நல்ல மழை. காலையில் கெம்பி நந்தியடியில் இல்லை. அக்காவின் வண்டியும் வரவில்லை. பேருந்துக்கு நேரம் இருந்ததால் அரண்மனைப் பகுதிப் பக்கம் ஒரு நடை போனேன். அங்கே போஜனசாலை என்று ஒன்று இருக்கிறது. நீளமாக ஒரு கல் வாய்க்கால், அதன் இருபுறமும் வரிசையாகக் கல்லிலேயே குடைந்த சாப்பாட்டுத் தட்டுகள். சோற்றுக்கு ஒரு பெரிய பள்ளம், கறிக்கும் குழம்புக்கும் சின்னச் சின்னக் கிண்ணப் பள்ளங்கள், எல்லாம் ஒரே கல்லில். ராத்திரி மழையில் அத்தனை பள்ளமும் நிரம்பியிருந்தன.

பந்தியில் நாலாவது தட்டில் சாம்பல் நிறத்து நாய் ஒன்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. முதலில் சோற்றுப் பள்ளம். அது தீர்ந்ததும் கறிக் கிண்ணங்கள், ஒவ்வொன்றாக, நாக்கை வளைத்து வளைத்து. அப்புறம் ஒரு எட்டு நகர்ந்து ஐந்தாவது தட்டுக்குப் போனது. நான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் அசையாமல் நின்றேன். ஒரு முறை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு குனிந்து விட்ட இடத்திலிருந்து குடிக்க ஆரம்பித்தது.